கல்வட்டத்தில் உட்கார்ந்த மான்சிக்

ஜேஜு தீவில் எங்கள் ஊர்க் கல்வட்டத்துக்குள் ஆம்பிளை வரக்கூடாது. சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வந்தவன் எவனும் மரியாதையோடு திரும்பிப் போனதில்லை, அவ்வளவுதான். கரையில் கருங்கல்லை மார்பளவு அடுக்கி, நடுவில் தீ மூட்டியிருப்போம். கடலில் முங்கிச் சிப்பியும் சங்கும் எடுக்கிற நாங்கள் உடை மாற்றுவது, குளிர் காய்வது, ஊர்வம்பு பேசுவது எல்லாம் அதற்குள்தான். உட்காருவதற்கும் முறை உண்டு. ஆழத்தில் முங்கும் முதல் தட்டுக்காரிகளுக்குப் புகை வராத பக்கம். கடைத் தட்டுக்காரிகள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். நான் காலமெல்லாம் நடுத் தட்டு. மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை.

அந்தப் புகை வராத பக்கத்தில், அதுவும் எங்கள் தலைவி மல்சுன் பெரியம்மாவின் இடத்தில், இதுவரை ஒரே ஒரு ஆம்பிளைதான் உட்கார்ந்திருக்கிறான். என் பக்கத்து வீட்டு மான்சிக். இன்றைக்கு அவனுக்குத் தலை நரைத்து, முட்டி பிடித்து, பூண்டு வயலில் பாதி நேரம் உட்கார்ந்தே வேலை செய்கிறான். பார்க்கிறவர்கள் இவனிடம் என்ன இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். இருக்கிறது.

அவனுடைய பெரிய குறை, தீவில் பிறந்துவிட்டுப் படகில் ஏற முடியாது என்பது. கரையில் கட்டிக் கிடக்கிற படகு ஆடுவதைப் பார்த்தாலே அவனுக்குக் குடலைப் புரட்டும். சொந்தச் சித்தப்பா மீன்பிடிக்கக் கூட்டிப் போய், பாதி வழியில் திருப்பிக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். பிறகு யாரும் கூப்பிடவில்லை. நல்ல வேளையாக ஓக்சிம் அவனைக் கட்டிக்கொண்டாள். அவள் என்னோடு நடுத் தட்டில் முங்குகிறவள், வாயும் கையும் ஒரே வேகம். அவள் கடலுக்கு, இவன் வயலுக்கும் வீட்டுக்கும் என்று ஆகிவிட்டது. எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. ஆனால் மற்ற ஆம்பிளைகள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுக் கள்ளுக்கடை வாசலில் இருப்பார்கள். இவன் தொட்டில் பக்கத்திலேயே இருப்பான்.

"என்ன தம்பி, உனக்கும் பால் சுரக்குதாமே?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன்.

"சுரந்தா உங்களுக்கும் ஒரு கிண்ணம் அனுப்புறேன் சம்வோல் அக்கா. அப்பவாவது அந்த வாய்ல இனிப்பு ஒட்டுதான்னு பாப்போம்" என்பான். கோபமே வராது அவனுக்கு. கோபம் வராத ஆளைக் கிண்டல் செய்வதில் பாதிச் சுவை போய்விடுகிறது.

எண்பத்திரண்டாம் வருஷக் கடைசியில் அவர்களுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. பெண். யோன்சில் என்று பேர் வைத்தார்கள். பிறந்து கொஞ்ச நாளிலேயே அந்தப் பிள்ளையின் மூச்சில் ஒரு விசில் கேட்க ஆரம்பித்தது. தூங்கினாலும் விசில், பால் குடித்தாலும் விசில், அழுதால் தெருமுனை வரைக்கும் விசில்.

வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள். நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஏனென்றால் முங்கினவள் மேலே வந்ததும் அடக்கிய மூச்சை 'ஹோ...இ' என்று விசிலாகத்தான் விடுவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் கரையில் இருப்பவர்களுக்கு உயிர் வரும். ஒவ்வொருத்திக்கும் ஒரு விசில். கண்ணை மூடிக்கொண்டே யார் மேலே வந்தாள் என்று சொல்லிவிடலாம். அந்த விசில் ஒரு பிள்ளைக்குப் பிறவியிலேயே இருக்கிறது என்றால் எங்களுக்கு எப்படி இருக்கும்!

முதலில் சொன்னது மல்சுன் பெரியம்மாதான். பிள்ளையைத் தூக்கிக் காதருகே வைத்துக்கொண்டாள். எத்தனையோ வருஷம் ஆழத்தில் முங்கி முங்கி அவள் காது பாதி செத்துப் போயிருந்தது. அப்படியும் அவளுக்குக் கேட்டது.

"அடியே ஓக்சிம், இது முதல் தட்டுக்காரிடி! வயித்துக்குள்ளயே முங்கிப் பழகிட்டு வந்திருக்கா. என் இடத்துல உக்காரப் போறவ இவதான், எழுதி வெச்சுக்கோ."

ஓக்சிமுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் அம்மா கடைத் தட்டிலேயே கிடந்து செத்தவள். அன்றிலிருந்து யார் வந்தாலும், "கேளுங்க, கேளுங்க" என்று பிள்ளையை நீட்டுவாள். நானும் காதைக் கொடுத்துக் கேட்டு, ஆகா என்றேன். ஊரே சொன்னது.

மான்சிக் மட்டும் அதில் சேரவில்லை. பகலெல்லாம் அந்தப் பிள்ளையை மடியில் வைத்திருந்தவன் அவன்தான். தலையை முன்னால் சாய்த்தால் விசில் பெரிதாகிறது, பின்னால் சாய்த்தால் குறைகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தூங்கும்போது பிள்ளை தானாகவே தலையைப் பின்னுக்குத் தள்ளி, மோவாயை மேலே தூக்கிக்கொண்டுதான் தூங்கும். அதனால் அவன் முழங்கையை அவள் பிடரிக்குக் கீழே கொடுத்து ஒரு தினுசாகத் தூக்கி வைத்திருப்பான். பால் கொடுக்க ஓக்சிமிடம் கொண்டுவரும்போதும் கல்வட்டத்துக்கு வெளியே நின்று, சுவருக்கு மேலாக அப்படியே நீட்டுவான். "பிள்ளையத் தாறானா, பானையத் தாறானா பாரு" என்று நாங்கள் சிரிப்போம்.

கஞ்சி கொடுக்க ஆரம்பித்ததும் நிலைமை மோசமானது. குழையக் குழையக் காய்ச்சி, துணியில் வடிகட்டிக் கொடுத்தால்தான் இறங்கும். ஒரு பருக்கை இருந்தாலும் இருமி, சிவந்து, எல்லாவற்றையும் கக்கிவிடும். "பல்லு வந்தா சரியாயிடும்" என்றோம். பல்லும் வந்தது.

முதல் பிறந்தநாளுக்கு எங்கள் வழக்கப்படி பிள்ளை முன்னால் சாமான்களைப் பரப்பி வைத்தார்கள். நூல், அரிசி, எழுதுகோல். எதை எடுக்கிறதோ அதுதான் அதன் எதிர்காலம். மல்சுன் பெரியம்மா தன்னுடைய பழைய முங்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து, வேண்டுமென்றே பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிள்ளை அதன் வாரைப் பிடித்து இழுத்தது. கூரை அதிரும்படி கத்தினோம். பெரியம்மாவின் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில், பசை போல ஒட்டும் அரிசிப் பிட்டில் ஒரு துண்டு கிள்ளி, "சாப்பிடுடி என் ராசாத்தி" என்று பிள்ளை வாயில் வைத்துவிட்டாள்.

மான்சிக் சமையலறையில் இருந்தான். சத்தம் நின்றதைக் கேட்டுத்தான் ஓடி வந்தான். பிள்ளையின் உதடு நீலமாகிவிட்டது. கண் மேலே போய்விட்டது. அவன் பிடுங்கிக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினான். பிட்டு வெளியே விழுந்தது. பிறகு பிடரியைத் தாங்கித் தலையைப் பின்னால் சாய்த்தான். பிள்ளை மூச்சை இழுத்தது, நீளமான ஒரு விசிலோடு.

"வந்துருச்சு! விசில் வந்துருச்சு!" என்றாள் பெரியம்மா. கையில் ஒட்டியிருந்த மிச்சப் பிட்டைத் துடைத்துக்கொண்டே சிரிக்கப் பார்த்தாள். "பாத்தியா, கடல்காரி லேசுல போவாளா?"

அப்போதுதான் மான்சிக்குக்கு முதல் தடவையாகக் கோபம் வந்ததைப் பார்த்தேன்.

"அது கடல்காரி விசில் இல்ல பெரியம்மா."

"பின்ன என்னவாம்? படகுல ஏறத் தெரியாதவன் எனக்கு மூச்சைப் பத்திப் பாடம் எடுக்கிறியோ?"

"பாடம் எடுக்கல. கேக்கறேன். நீங்க மேல வந்ததும் விசில் அடிக்கிறீங்களே, அது மூச்சு வெளிய போறப்பவா, உள்ள வர்றப்பவா?"

"வெளிய விடுறப்பதான். இது ஒரு கேள்வியா?"

"உள்ள இழுக்கறப்ப சத்தம் வந்தா?"

"உள்ள இழுக்கறப்ப வந்தா தொண்டைய என்னமோ நெரிக்குதுன்னு அர்த்தம். எங்கூட முங்குன ஒருத்திக்கு மிதவைக் கயிறு கழுத்துல சுத்திக்கிட்டு அப்படித்தான் சத்தம் வந்துச்சு. நான் கரைக்கு இழுத்துட்டு வர்றதுக்குள்ள..."

அங்கேயே நிறுத்திவிட்டாள். மான்சிக் பிள்ளையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். மூச்சை இழுத்தபோது விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது; சத்தம் வந்தது. மூச்சு வெளியே போனபோது குழி நிரவியது, சத்தம் குறைந்தது. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். ஒரு வருஷமாக அதைக் காதால் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஓக்சிம் பிறந்தநாள் பட்டுப் பாவாடையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் ஊரெல்லாம் காட்டிட்டுத் திரிஞ்சேனே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மறுநாளே ஜேஜு நகரத்துப் பெரிய டாக்டரிடம் போனார்கள். நானும் துணைக்குப் போனேன். வெள்ளையாக ஒரு கூழைக் குடிக்க வைத்துப் படம் எடுத்தார்கள். உணவுக்குழாய் வழியே வெள்ளைக் கோடு இறங்குகிறது. நடுவில் ஒரு இடத்தில் பின்பக்கத்திலிருந்து யாரோ கடித்த மாதிரி பள்ளம். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய் இடது பக்கமாக வளைய வேண்டும். இவளுக்கு வலது பக்கமாக வளைந்துவிட்டது. அதனால் இடது கைக்குப் போகிற கிளை பின்னால் சுற்றிக்கொண்டு போகிறது. இடது பக்கத்தில் ஒரு நாரும் சேர்ந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் வளையமாக இறுக்குகிறது. இதயத்துக்குள் சின்னதாக ஓர் ஓட்டையும் இருக்கிறது. கருவிலேயே நடந்தது, யார் மேலும் குற்றமில்லை.

"ஓட்டை தானா மூடினாலும் மூடும். வளையத்தைத்தான் வெட்டி விடணும். இங்க முடியாது. சியோலுக்குப் போங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார்.

"கயிறு" என்றான் மான்சிக். "பெரியம்மா சொன்ன மாதிரி கயிறுதான்."

"கயிறுன்னே வெச்சுக்கோங்க" என்றார் டாக்டர்.

சியோல் ஆஸ்பத்திரிக்குச் செலவு செய்யும் வசதி அவர்களுக்கு ஏது? பூண்டு வயலை விற்பது என்று மான்சிக் முடிவு செய்திருந்தான். அன்று சாயங்காலம் கல்வட்டத்தில் மல்சுன் பெரியம்மா தீயைக் கிளறிக்கொண்டே பேச்சை எடுத்தாள். எங்கள் கடலில் கிழக்குப் பாறைப் பக்கத்துக்குப் பள்ளிக்கூடக் கடல் என்று பேர். அங்கே எடுப்பதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டதே அந்தச் சிப்பிகள்தான்.

"வயலை விக்க வேணாம். மேற்குப் பாறைய இனி ஒரு வருஷம் பூரா யோன்சில் கடல்னு ஒதுக்கி, சிப்பி வியாபாரிகிட்ட பணத்த முன்னாடியே வாங்கிடலாம். யாருக்காவது மாத்துக் கருத்து இருந்தா இப்பவே சொல்லுங்க. நாளைக்குப் பின்னால நின்னு முணுமுணுக்கக் கூடாது."

மேற்குப் பாறைதான் எங்கள் ஊரிலேயே கொழுத்த இடம். ஒருத்தியும் மறுக்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் ஒரு சங்குக்காக மண்டையை உடைத்துக்கொள்கிற கூட்டம்.

"பெரியம்மா, மார்கழிக் குளிருல மேற்குப் பாறைல முங்கினா எலும்பு கழண்டுரும்" என்று நான்தான் சும்மா சொல்லி வைத்தேன்.

"உனக்கிருக்கிற கொழுப்புக்கு ஒண்ணும் ஆகாதுடி" என்றாள். அப்போதுதான் எல்லாரும் சிரித்தார்கள். ஓக்சிம் சிரிக்கவும் தெரியாமல் அழவும் தெரியாமல் ஒவ்வொருத்தியின் ஈரக்கையையும் பிடித்துப் பிடித்து விட்டாள்.

சியோலுக்கு யார் போவது? தாய்தான் போவாள் என்று நாங்கள் நினைத்தோம். ஓக்சிம் தலையை ஆட்டிவிட்டாள்.

"ஏங்க, அவளை மூச்சு முட்டாமத் தூக்கத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான். எனக்குத் தெரியாது. வழியில என் கையில ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா... நீங்க போங்க. நான் மேற்குப் பாறைல முங்கறேன்."

சியோலுக்குப் போக முதலில் கப்பலில் எதிர்க்கரைத் துறைமுகமான மோக்போவுக்குப் போக வேண்டும். மான்சிக்! கப்பலில்! ஊரே துறைமுகத்துக்கு வந்து நின்றது. ஓக்சிம் அரிசியை வெள்ளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக் கொடுத்து, நடுக்கடலில் கடல்ராசாவுக்குப் போடச் சொன்னாள். பிள்ளையை முழங்கையில் தாங்கிக்கொண்டு, முகம் சுண்ணாம்பாக வெளுத்து, அவன் பலகையில் ஏறினான். பிறகு அவனே சொன்னது இது: "கடல்ராசாவுக்கு முதல்ல என் காலைச் சோத்தக் குடுத்தேன். அப்புறம் மத்தியானச் சோறு. கடைசியாத்தான் அக்கா, ஓக்சிம் குடுத்த பொட்டலம். வாந்தி எடுக்கறப்பகூட இந்தக் கைய அசைக்கல." எப்படி முடிந்தது என்று கேட்டேன். அவனுக்கே தெரியவில்லை.

ஆபரேஷன் நடந்த அன்றைக்கு நாங்கள் கடலில் இருந்தோம். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று ஓக்சிம்தான் முதலில் இறங்கினாள். ஊரில் ஊர்த்தலைவர் வீட்டில் மட்டும்தான் போன். யாருக்காவது போன் வந்தால் ஒலிபெருக்கியில் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவ்வளவுதான் அவர் வேலை. அன்றைக்கு அந்த மனுஷனால் பொறுக்க முடியவில்லை.

"யோன்சில் அம்மா! சியோலுலேருந்து போன்! வெட்டி விட்டுட்டாங்களாம்! புள்ள முழிச்சிருச்சாம்! உங்க வீட்டுக்காரர் அழறாரு, எனக்கும் அழுகையா வருது!"

கடல் முழுக்கக் கேட்டது. மல்சுன் பெரியம்மாவுக்கே கேட்டது. கேட்காதவள் ஒருத்திதான். ஓக்சிம் அப்போது தண்ணீருக்கு அடியில் இருந்தாள்.

அவளுடைய மிதவை தனியாக ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் எல்லாரும் எங்கள் மிதவையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்தோம். எவ்வளவு நேரம்தான் அடியில் கிடப்பாள் இவள் என்று எனக்கு எரிச்சலாகக்கூட வந்தது. கடைசியில் தலை தெரிந்தது. 'ஹோ...இ' என்று அவள் விசில் வந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்க்கிறாள், சுற்றிலும் எல்லாரும் அவளையே பார்க்கிறோம். அவள் முகம் செத்துவிட்டது.

"இல்லடி! நல்ல சேதி! நல்ல சேதிடி மூதேவி!" என்று நான் கத்தினேன். அன்றைக்குக் கடலில் அழுத கண்ணீருக்குக் கணக்கில்லை. உப்புத் தண்ணீரில் அது தெரியாது என்பதால் முதல் தட்டுக்காரிகளும் தாராளமாக அழுதார்கள்.

கதையை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் மான்சிக் பிள்ளையோடு திரும்பி வந்து இறங்கியபோது விசிலும் கூடவே இறங்கியது. கொஞ்சம் சன்னமாக இருந்தது, ஆனால் இருந்தது. எங்களுக்கு நெஞ்சு விட்டுப் போயிற்று. பிள்ளையின் இடது விலாவைச் சுற்றி அவ்வளவு நீளத் தழும்பு. அதற்கப்புறமும் இந்தச் சத்தமா?

மான்சிக் மட்டும் கலங்கவில்லை. "இத்தனை நாள் நெரிபட்ட குழாயில்ல? நிமிர்றதுக்கு நாளாகும்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்பினாரு" என்பான். முழங்கையைப் பிடரிக்குக் கொடுத்துக்கொண்டு, வடிகட்டின கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டு, குளிர்காலம் பூராவும் காத்திருந்தான். ஓக்சிம் கரையேறியதும் எங்களிடம் ஒன்றும் கேட்க மாட்டாள். சுவருக்கு வெளியே நிற்கும் அவன் முகத்தைப் பார்ப்பாள். அவன் 'இன்னும் இருக்கு' என்பது போலத் தலையை ஆட்டுவான்.

குளிர்காலம் முடிந்து கடுகுப் பூ பூத்த சமயம். மேற்குப் பாறையில் முங்கிவிட்டு வந்து கல்வட்டத்தில் குளிர் காய்ந்துகொண்டிருந்தோம். மான்சிக் வழக்கம்போலச் சுவருக்கு வெளியே வந்து நின்றான். பிள்ளை அவன் தோளில் முன்னால் சாய்ந்து, மோவாய் நெஞ்சில் பட, தூங்கிக்கொண்டிருந்தது. பிடரியில் கை இல்லை. நான்தான் முதலில் கவனித்தேன்.

"அடேய், பிள்ளைத் தலை முன்னால விழுந்து கிடக்குது பாரு!"

"தெரியும் அக்கா. சத்தம் போடாதீங்க."

எல்லாரும் வாயை மூடினோம். விறகு வெடிப்பது கேட்டது, அலை கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. ஓக்சிம் அவிழ்த்த உடையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மல்சுன் பெரியம்மா எழுந்து சுவரோரம் வந்தாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல. என் காதுதான் போச்சா?" என்றாள். அவள் குனிந்து, தன் சுருங்கிய கன்னத்தைப் பிள்ளையின் மூக்கருகே கொண்டுபோய் அப்படியே நின்றாள். காதை நம்பாமல் கன்னத்தை நம்பினாள்.

"வருது" என்றாள். "உள்ள போகுது, வெளிய வருது. வெதுவெதுன்னு வருது." பிறகு மான்சிக்கைப் பார்த்து, "உள்ள வாடா" என்றாள்.

"நானா? பெரியம்மா, அது..."

"உன்னத்தான். எல்லாரும் மேல துணியப் போத்திக்கோங்கடி. நீ உள்ள வா. அங்க இல்ல, புகை அடிக்கும். இங்க உக்காரு."

அவள் காட்டியது அவளுடைய இடம். மான்சிக் தயங்கித் தயங்கி வந்து, கல்லின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தான். பெரியம்மா புகையடிக்கும் பக்கத்தில் கடைத் தட்டுக்காரிகளோடு போய் உட்கார்ந்துகொண்டாள். இதைப் பார்க்கத்தானே நான் உயிரோடு இருந்தேன் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அவன் மட்டும் இல்லை என்றால் எங்கள் பெருமையே அந்தப் பிள்ளையை விழுங்கியிருக்கும்.

யோன்சிலுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. இதயத்து ஓட்டையும் அவள் பள்ளிக்கூடம் போகிறதற்குள் தானாகவே மூடிக்கொண்டது. கடலுக்கு வரவில்லை அவள். ஜேஜு நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். "பிரேக்கு! பிரேக்கு!" என்று அவள் கத்துவது பக்கத்துச் சந்தை வரைக்கும் கேட்கும் என்கிறார்கள். மல்சுன் பெரியம்மா சாகும்போது தன் முங்குக் கண்ணாடியை அவளுக்குத்தான் கொடுத்தாள். அதைக் காரில் தொங்கவிட்டிருக்கிறாள்.

அன்றைக்குக் கல்வட்டத்தில் பிள்ளை கண் விழித்தது. தீயில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக் கையை நீட்டியது. பெரியம்மா ஒரு கிழங்கை எடுத்து உரித்தாள், ஆனால் ஊட்டவில்லை. பிறந்தநாள் ஞாபகம் அவளுக்குப் போகவே இல்லை. கிழங்கை மான்சிக் கையில் கொடுத்துவிட்டு, "நீயே குடு" என்றாள்.

அவன் விரல் நுனியளவு கிள்ளி, ஊதி, பிள்ளை வாயில் வைத்தான். மசிக்கவில்லை, வடிகட்டவில்லை. ஓக்சிம் என் கையைப் பிடித்த பிடியில் எனக்கு எலும்பு வலித்தது. பிள்ளை மென்றது. எங்கள் எல்லார் கண்ணும் அந்தச் சின்னத் தொண்டையில்தான் இருந்தது. அது மெல்ல அசைந்தது. விழுங்கிவிட்டது. பிறகு அப்பாவைப் பார்த்து, இன்னொரு வாய்க்காக வாயைத் திறந்தது.